பழைய பிக்கப்பும் புதிய ரேடியேட்டரும்

வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு கெட்டிக்கார உலோகம். அதன் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 400 வாட். ரேடியேட்டர் செய்ய உதவும் அலுமினியக் கலவைகளுக்கோ 160 முதல் 190 வரைதான். செம்பில் பாதிகூட இல்லை. அப்படியிருந்தும், அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் தொழிற்சாலையில் பொருத்தி வந்த செம்பு–பித்தளை ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு அலுமினிய ரேடியேட்டரை மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகு வண்டி முன்பைவிடச் சூடு குறைந்தே ஓடுகிறது. பாடப்புத்தக அட்டவணையை மட்டும் நம்பினால் இது நடக்கவே கூடாது. ஏன் நடக்கிறது என்று தேடிப் போனால், ரேடியேட்டர் உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பது முழுவதும் விளங்கிவிடும். எந்த மேம்பாட்டுக்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

பேச வசதியாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்: 1957-ஆம் ஆண்டு செவ்ரலே 3100, அரை டன் பிக்கப். 1955 மார்ச்சில் வந்த 'டாஸ்க் ஃபோர்ஸ்' வரிசையைச் சேர்ந்தது. உருண்டு திரண்ட முகப்பும், வளைந்து சுற்றிவரும் முன்கண்ணாடியும் கொண்ட இந்த வண்டிகளின் அழகுக்கு ஈடாக அதன் பிறகு வந்த பிக்கப்புகளில் ஒன்றைக் காட்டுவது கடினம். செவ்ரலே பிக்கப்பில் முதன்முதலாக வி-8 என்ஜின் கிடைத்ததும் 12 வோல்ட் மின்சாரம் வந்ததும் இந்த வரிசையில்தான். ஆனாலும் பண்ணைக்கும் கடைக்கும் வாங்கியவர்கள் பெரும்பாலும் 235 கன அங்குல, அதாவது 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜினையே வாங்கினார்கள். முகப்பில் இருந்த ரேடியேட்டரும் அந்த என்ஜினின் அளவான சூட்டுக்கு ஏற்றதாகவே இருந்தது.

இன்று கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில் துருப்பிடிக்காமல் தப்பிய இந்த வண்டிகளைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். வாங்கியதும் செய்யும் முதல் பெரிய வேலை, பழைய என்ஜினை இறக்கிவிட்டு 350 கன அங்குல (5.7 லிட்டர்) செவ்ரலே வி-8 ஒன்றை ஏற்றுவது. கடையில் பெட்டியோடு கிடைக்கும் சாதாரண ரகமே 290 குதிரைத்திறன் தரும். பழைய ஆறு சிலிண்டர் தந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கூடவே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஏ.சி. மூக்கு மட்டும் 1957-லேயே நிற்கிறது.

அந்த வண்டியை ஜூலை மாதம் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகஸ் போகும் 15-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். வழியில் மொஹாவே பாலைவனத்தின் நடுவே பேக்கர் என்ற சிற்றூர் வரும். 134 அடி உயரத் தெர்மாமீட்டர் ஒன்று அங்கே நிற்கிறது, அருகிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் 1913-இல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் (56.7 செல்சியஸ்) நினைவாக அந்த உயரம். பேக்கர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சாலை மைல் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. சூடேறாமல் இருக்க ஏ.சி.யை அணைத்துவிடுங்கள் என்ற அறிவிப்புப் பலகையும் உண்டு. ரேடியேட்டரைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான சாலை கிடையாது.

முதலில் வெப்பக் கணக்கைப் பார்ப்போம். எரிகிற பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், பல நேரம் அதற்கும் குறைவுதான், சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. ஏறத்தாழ அதே அளவு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பங்கு என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டில் இறங்குகிறது. பெட்டி போன்ற இந்தப் பிக்கப்பைச் சமதளத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓட்ட ஏறத்தாழ 25 கிலோவாட் வேண்டும் என்று கொண்டால், ரேடியேட்டரும் அதே 25 கிலோவாட்டை வெளியே தள்ள வேண்டியிருக்கும். நூற்றுக்கு ஆறு ஏற்றத்தில் அதே வேகத்தைப் பிடிக்கப் பார்த்தால் 1.8 டன் எடையைத் தூக்குவதற்கே இன்னும் 29 கிலோவாட் தேவை. ரேடியேட்டரின் சுமை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. சிவப்பு விளக்கில் 290 குதிரைத்திறனையும் திரட்டிச் சீறிப் பாய்வது வேறு கதை. அது சில நொடிதான், என்ஜினின் இரும்பும் கூலன்ட்டும் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். ரேடியேட்டரின் தரத்தைக் காட்டுவது நீண்ட ஏற்றம்.

இந்த 25 கிலோவாட் வெப்பத்தைக் கூலன்ட் சுமந்து வருவது எளிது. ரேடியேட்டரில் நுழையும்போதும் வெளியேறும்போதும் அதன் வெப்பநிலை 5 டிகிரி மட்டும் வேறுபட்டால் போதும், நொடிக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவான ஓட்டத்தில் வேலை முடிந்துவிடும். அதே வெப்பத்தை வாங்கிக்கொண்டு போக எவ்வளவு காற்று வேண்டும்? காற்று 30 டிகிரி சூடேறி வெளியேறுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பாலைவனத்தின் சூடான மெல்லிய காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 750 லிட்டர் தேவைப்படும். ஒரு பக்கம் ஒன்றரை லிட்டர், மறு பக்கம் 750 லிட்டர். ரேடியேட்டர் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்த இரண்டு எண்களை வைத்துக்கொள்ளுங்கள்.

செம்புப் புதிருக்கும் விடை இங்கேதான். கூலன்ட்டிலிருந்து வெப்பம் மூன்று கட்டங்களைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்: கூலன்ட்டிலிருந்து குழாயின் உட்சுவருக்கு, சுவரின் ஊடாக, பிறகு சுவரிலிருந்தும் குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தகடுகளிலிருந்தும் காற்றுக்கு. குழாய்ச் சுவரின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் அது பித்தளையா அலுமினியமா என்பது பொருட்டே இல்லை. மொத்தத் தடையில் அதன் பங்கு ஆயிரத்தில் ஒன்று அளவுதான். கூலன்ட் பக்கத் தடை பத்தில் ஒன்று அளவு. மற்றதெல்லாம் காற்றுப் பக்கத்தில். நான்கு வழிச் சாலையின் நடுவே ஒற்றை வழிப் பாலம் இருந்தால், சாலைக்கு எவ்வளவு வழவழப்பாகத் தார் போட்டாலும் நெரிசல் பாலத்தில்தானே? செம்பின் கடத்துதிறன் அந்த வழவழப்பான தார்.

எனவே காற்றைத் தொடும் பரப்பை யார் கூட்டுகிறாரோ அவர்தான் வெற்றி பெறுகிறார். இது மோட்டார் வாகனத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்ட உண்மை. கார்ல் பென்ஸின் முதல் வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்தது. ஓட்டுபவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1900 இறுதியில் வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் வண்டியில் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் வந்தது: 6 மில்லிமீட்டர் சதுர வாய் கொண்ட 8,070 சிறு குழாய்கள், பின்னால் ஒரு விசிறி. குழாய்களுக்குள் காற்று, வெளியே தண்ணீர். 9 லிட்டர் தண்ணீரே அந்த வண்டிக்குப் போதுமானதாகிவிட்டது. இன்று நம் வண்டிகளின் முகப்பில் இருப்பதெல்லாம் அந்த யோசனையின் வாரிசுகளே.

பழைய பிக்கப்பின் ரேடியேட்டரில் கூலன்ட் மேல் தொட்டியிலிருந்து கீழ்த் தொட்டிக்கு இறங்குகிறது. ஃபோர்டின் மாடல் டி காலத்துப் பழக்கம் அது. பெரும்பாலான மாடல் டி வண்டிகளில் வாட்டர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே எழும்பி, ஆறியதும் கீழே இறங்கும். பம்ப் வந்த பிறகும் அந்த அமைப்பு நீடித்தது. 1960-களில் கார்களின் பானெட் தாழ்ந்தபோதுதான் கூலன்ட் பக்கவாட்டில் ஓடும் ரேடியேட்டர்கள் பரவின. அவற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: மூடியை ஆறிய பக்கத்துத் தொட்டியில், பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் வைக்கலாம். என்ஜின் வேகமாகச் சுழலும்போது பம்பின் அழுத்தம் மூடியைத் தூக்கிவிடாது. ஆனால் டாஸ்க் ஃபோர்ஸ் பிக்கப்பின் முகப்பு உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கிறது. அதற்கு மேலிருந்து கீழிறங்கும் அமைப்பே பொருந்துகிறது. முகப்புத் தகட்டை வெட்டிப் பக்கவாட்டு ரேடியேட்டரை நுழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வெட்டு என் மனதுக்கு ஒப்பவில்லை. அதற்கான அவசியமும் பெரும்பாலும் இருப்பதில்லை.

அலுமினியத்துக்குத் திரும்புவோம். பித்தளைக் குழாயின் சுவர் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர்தான். தட்டையான அந்தக் குழாயை அரை அங்குலத்துக்கு மேல் அதிகம் அகலப்படுத்தினால் உள் அழுத்தத்தில் உப்பிவிடும். சுவரைத் தடிமனாக்கினால் எடை ஏறும். எனவே கூடுதல் பரப்பு வேண்டும் என்றால் வரிசைகளைக் கூட்டுவதைத் தவிரப் பழைய கைவினைஞர்களுக்கு வேறு வழி இல்லை: இரண்டு, மூன்று, நான்கு வரிசை. "நாலு ரோ போட்டேன்" என்று பெருமையாகச் சொல்வது அந்தக் காலத்து மிச்சம். அலுமினியம் எடை குறைந்தது. சுவரைத் தடிமனாக வைத்து ஒரு அங்குல அகலக் குழாயே செய்யலாம். அரை அங்குலக் குழாய் நான்கு வரிசையும் ஒரு அங்குலக் குழாய் இரண்டு வரிசையும் தாளில் ஒன்றுபோலத் தெரியும். நடைமுறையில் அப்படி இல்லை. நான்கு வரிசையில் குழாய்களுக்கு இடையில் மூன்று இடைவெளிகள். ஒவ்வொரு குழாயின் வளைந்த விளிம்பும் தகட்டைத் தொடுவதில்லை. ரேடியேட்டரின் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால் காற்று நுழைவது கடினம். நுழைந்த காற்றும் முதல் இரண்டு வரிசையிலேயே சூடாகிவிடுவதால், நான்காவது வரிசைக்குப் போய்ச் சேரும்போது அதனால் வாங்கிக்கொள்ளக் கூடியது மிகக் கொஞ்சம்.

இணைப்பிலும் வேறுபாடு இருக்கிறது. பழைய ரேடியேட்டரில் பித்தளைக் குழாயையும் செம்புத் தகட்டையும் ஈய–வெள்ளீயப் பற்றால் இணைத்திருப்பார்கள். பல ஆண்டுகளில் பற்றுகள் அரித்து விட்டுப்போகும். தகடு குழாயைத் தொட்டுக்கொண்டிருப்பது போலவே தோன்றும், வெப்பம் மட்டும் கடந்து போகாது. விரலால் மெதுவாக வருடினாலே தகடுகள் ஆடினால் அதுதான் நிலைமை. அலுமினிய ரேடியேட்டரில் குழாயின் மேற்பரப்பில் சிலிக்கன் கலந்த அலுமினியப் படலம் ஒன்று இருக்கும். முழுவதையும் கோத்து, ஏறத்தாழ 600 டிகிரி உலையில் வைத்தால் அந்தப் படலம் மட்டும் உருகி, தகட்டையும் குழாயையும் ஒரே உலோகமாக ஒட்டிவிடும். 1980-களில் இந்த உலை முறை பரவிய பிறகுதான் கார் நிறுவனங்கள் செம்பைக் கைவிட்டன.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அலுமினியம் மாட்டியதும் 10 டிகிரி இறங்கியது என்று ஒருவர் சொன்னால், அவர் ஒப்பிடுவது புது அலுமினியத்தையும் அறுபது ஆண்டு ஓடி அடைத்துப்போன பித்தளையையும். புதிய கோர் (நடுவிலுள்ள குழாய்–தகட்டுத் தொகுதி) போட்ட நல்ல செம்பு–பித்தளை ரேடியேட்டரும் அதில் பெரும்பகுதியைத் தந்திருக்கும். எனவே வாங்குவதற்கு முன் நோய் எது என்று பார்ப்பதே முதல் வேலை.

நோயைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ள மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி: எப்போது சூடாகிறது? சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது: விசிறி, விசிறியைச் சுற்றிய கூடு, இடுக்குகள். ஊருக்குள் நன்றாக இருந்து நெடுஞ்சாலையில் மெல்ல மெல்ல ஏறினால் குறை பெரும்பாலும் ஓட்டத்தில்: அடைத்த குழாய்கள், தேய்ந்த பம்ப், அல்லது கீழ் ஹோஸ். இந்தக் கடைசி ஆள் தந்திரக்காரன். பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால், பழைய ரப்பர் தளர்ந்திருந்தால் என்ஜின் வேகமாகச் சுழலும்போது ஹோஸ் உள்ளிழுக்கப்பட்டுச் சப்பையாகிவிடும். வண்டியை ஓரங்கட்டிப் பானெட்டைத் திறப்பதற்குள் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். உள்ளே சுருள் கம்பி வைத்த ஹோஸ் போட்டால் தீர்ந்தது. இக்னிஷன் டைமிங் தவறியிருந்தாலும், கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்தாலும் இதே அறிகுறி வரும். அந்தக் குறைகளுக்கு எந்த ரேடியேட்டரும் மருந்தாகாது.

அடைப்பைக் கண்ணால் பார்க்கலாம். ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து, கூலன்ட்டைக் கொஞ்சம் இறக்கி, மேல் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய்களின் வாய்கள் வரிசையாகத் தெரியும். சிலவற்றின் விளிம்பில் வெண்பச்சைப் பொடி பூத்திருக்கும்; சிலவற்றில் செம்மண் போன்ற துருச்சேறு உட்கார்ந்திருக்கும். அது வார்ப்பிரும்பு என்ஜினின் துருதான். அடுத்து, சூடான என்ஜினை ஓடவிட்டு அகச்சிவப்புத் தெர்மாமீட்டரை ரேடியேட்டரின் முகத்தில் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். கறுப்பு வண்ணம் பூசிய பழைய ரேடியேட்டரில் வெப்பநிலை சீராகக் குறைந்துகொண்டே போகும். அதன் நடுவே திடீரென்று 30 டிகிரி குறைவாக ஒரு பட்டை தெரிந்தால், அந்தக் குழாய்களில் ஓட்டமே இல்லை என்று பொருள். பளபளப்பான அலுமினியத்தில் இந்தக் கருவி தவறாகக் காட்டும். பளிச்சிடும் உலோகம் தன் வெப்பத்துக்கேற்ற கதிரை வெளியிடாமல் சுற்றுப்புறத்துக் கதிரைத் திருப்பி அனுப்புவதே காரணம். அங்கங்கே கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் அளந்தால் சரியாக வரும்.

மாற்றுவது என்று முடிவானால், கழற்றும் வேலை ஒரு மதியத்தில் முடியக் கூடியது. கீழ்த் தொட்டியின் பித்தளைக் குழாய்த் திருகு பல வண்டிகளில் இறுகிப் போயிருக்கும். அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம், கீழ் ஹோஸைக் கழற்றினால் போதும். இறங்கும் கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடிப்பது கட்டாயம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தரையில் தேங்கியதை நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுக்கக் கூடாது. பற்று வைத்த கழுத்து பிய்ந்துவிடும், அதன்பின் அந்த ரேடியேட்டரை விற்கவும் முடியாது. கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே முறை.

புதியதை மாட்டுவதில் கவனிக்க வேண்டியது ரப்பர். பிக்கப்பின் ஏணிச் சட்டகம் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு முகப்புத் தாங்கி வழியாக ரேடியேட்டருக்கும் வரும். செம்பு–பித்தளை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அலுமினியத்தின் வெல்டிங் அப்படி வளையாது; இறுக்கிப் போல்ட் போட்டால் சில மாதத்தில் தொட்டி ஓரத்தில் மயிரிழை விரிசல் வரும். கீழே ரப்பர் மெத்தை, போல்ட்டுகளில் ரப்பர் புஷ், கையால் அசைத்தால் துளி அசைவு. அவ்வளவு போதும்.

அடுத்து, என் கணிப்பில் ரேடியேட்டரைவிட முக்கியமான பொருள்: விசிறிக் கூடு. வி-8 என்ஜின் ஆறு சிலிண்டரைவிடக் குட்டை. அதை மாட்டியதும் விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளி விழுந்துவிடும். 18 அங்குல விசிறியின் வட்டப் பரப்பு ஏறத்தாழ 0.16 சதுர மீட்டர். ரேடியேட்டரின் முகம் 0.25 சதுர மீட்டர் என்று கொண்டால், வட்டத்துக்கு வெளியே இருக்கும் மூன்றில் ஒரு பங்கு, வண்டி நிற்கும்போது சும்மா இருக்கிறது. கூடு இல்லாத விசிறி முன்னாலிருந்து மட்டும் இழுக்காது. பக்கத்திலிருக்கும் சூடான காற்றையே எடுத்துத் திரும்பத் திரும்பச் சுழற்றும். கூடு போட்டால் ரேடியேட்டரின் நான்கு மூலையும் விசிறிக்கு வேலை கொடுக்கும். விசிறி இலையின் அகலத்தில் ஏறத்தாழ பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும்; ரேடியேட்டருக்கும் இலைக்கும் ஒரு அங்குலமாவது விட வேண்டும். பிறகு ரேடியேட்டருக்கும் முகப்புத் தகட்டுக்கும் இடையே உள்ள இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைக்க வேண்டும். காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். இடுக்கு இருந்தால் தகடுகளுக்குள் ஏன் நுழையப் போகிறது? இதற்கு ஆகும் செலவு சில டாலர். ஆயிரம் டாலர் ரேடியேட்டரை வாங்கிவிட்டு இந்த ரப்பர் பட்டையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மின்விசிறி போடலாமா? போடலாம், ஆனால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். 1957 வண்டியின் ஜெனரேட்டர் தருவது 30 ஆம்பியர் அளவு. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது அதுவும் கிடைக்காது. பெரிய மின்விசிறி ஒன்றே 25 முதல் 35 ஆம்பியர் கேட்கும். கேட்பது எப்போது? சிக்னலில் நிற்கும்போதுதான். ஆல்டர்னேட்டர், ரிலே, தடித்த ஒயர், ஃபியூஸ் எல்லாம் மாற்றாமல் மின்விசிறியை மட்டும் மாட்டுவது பேட்டரியைக் கொல்லும் வழி. பெட்டியில் அச்சிட்ட காற்றளவும் திறந்த வெளியில் அளந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். நல்ல கூடும் கிளட்ச் விசிறியும் பொருந்துகிற வண்டியில் நான் அவற்றைத்தான் தேர்ந்தெடுப்பேன். ரேடியேட்டர் வழியே வரும் காற்று சூடானால் கிளட்சின் முகத்திலுள்ள ஈருலோகச் சுருள் விரிந்து, உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவத்தைத் திறந்துவிடும், விசிறி பிடித்துக்கொள்ளும். ஒயர் எதுவும் வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஏற்றிய வண்டி என்றால், அதன் எண்ணெயை ஆற்றும் குழாயும் புதிய ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் இருக்க வேண்டும். ஏற்றத்தில் கியர்பாக்ஸும் கணிசமான சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். தனியாக ஒரு சிறு ஆயில் கூலர் வைத்தால் இன்னும் நல்லது.

மூடி சின்னப் பொருள், ஆனால் அதற்குள் நல்ல அறிவியல் இருக்கிறது. அந்தக் கால வண்டிகளுக்கு ஏழு பவுண்ட் அழுத்த மூடி. இப்போது பதினைந்து பவுண்ட். தண்ணீரும் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். பதினைந்து பவுண்ட் அழுத்தத்தில் அது 129 டிகிரி வரை போகும். மூடி எதையும் குளிரவைப்பதில்லை. ஆனால் சிலிண்டர் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய இடங்களில், கூலன்ட்டின் சராசரி 90 டிகிரியாக இருக்கும்போதே உலோகத்தின் மேற்பரப்பு அதைவிட வெகு சூடாக இருக்கும். அங்கே சிறு குமிழ்கள் கிளம்பி உடனே கரைவது நல்லது. வெப்பத்தை வேகமாக அள்ளிப் போகும். குமிழ்கள் சேர்ந்து ஆவிப் படலமாகிவிட்டால் உலோகத்துக்கும் கூலன்ட்டுக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஹெட் விரிசல் விடுவது அங்கேதான். அழுத்தம் அந்தப் படலம் உருவாவதைத் தள்ளிப்போடுகிறது. இதில் ஒரு எச்சரிக்கை: பழைய வண்டியின் ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர் ஏழு பவுண்டுக்குச் செய்தது. மூடியை மட்டும் மாற்றினால் முதலில் வெடிப்பது அதுதான். கொதிக்கும் கூலன்ட் பயணியின் கால் மேல் கொட்டும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பட்டறைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு நம்பிக்கை: தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது, அதனால்தான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடாகிறது. இது தவறு. கூலன்ட் மூடிய வளையத்தில் சுற்றுகிறது. ரேடியேட்டருக்குள் குறைந்த நேரம் இருந்தால் என்ஜினுக்குள்ளும் குறைந்த நேரம்தான் இருக்கும், அடுத்த சுற்றும் சீக்கிரம் வரும். ஓட்டம் கூடினால் ரேடியேட்டரின் மேலும் கீழும் வெப்பநிலை நெருங்கி வரும். ஒட்டுமொத்தக் குழாயும் சூடாக இருப்பதால் காற்றுக்குப் போகும் வெப்பம் கூடத்தான் செய்யும். பிறகு ஏன் தெர்மோஸ்டாட் இல்லாத சில என்ஜின்கள் சூடாகின்றன? தெர்மோஸ்டாட் திறந்திருக்கும்போதும் ஓட்டத்துக்குக் கொஞ்சம் தடை. அந்தத் தடையால் என்ஜினுக்குள் அழுத்தம் கூடுகிறது, ஆவிப் படலம் அடங்குகிறது. தடையை எடுத்துவிட்டால் ஹெட்டின் மூலைகளில் ஆவி தங்கும். மற்ற என்ஜின்களோ எதிர்த்திசையில் போய், போதுமான சூடே ஏறாமல் ஓடி, ஆயிலில் ஈரமும் சிலிண்டரில் தேய்மானமும் சேர்த்துக்கொள்ளும். 82 அல்லது 91 டிகிரியில் திறக்கும் நல்ல தெர்மோஸ்டாட் ஒன்றைப் போட்டு விட்டுவிடுவதே சரி.

கூலன்ட் வேதியியலில் உலோகம் மாறியதை மறக்கக் கூடாது. வார்ப்பிரும்பு என்ஜின், அலுமினிய ரேடியேட்டர், பித்தளை ஹீட்டர்: மூன்றையும் ஒரே திரவம் நனைக்கிறது, அரிப்புக்கு இதைவிட வசதி வேண்டாம். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசித்துளை போடும், கால்சியம் படிவாகும். வடித்த தண்ணீரையே கலக்க வேண்டும். பூமித்தொடர்பு சரியில்லாத ஒயரிங் இருந்தால் மின்னோட்டம் கூலன்ட் வழியாகத் திரும்பும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறு முனையைக் கூலன்ட்டுக்குள்ளும் வைத்து, விளக்கு, விசிறி, ஸ்டார்ட்டர் என ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் எண் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றுக்கு மேல் துள்ளினால் அதன் பூமித்தொடர்பைத் தேட வேண்டும். பழைய ஒயரிங் உள்ள வண்டிகளில் புது ரேடியேட்டர் ஓராண்டுக்குள் ஒழுகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நிரப்பும்போது வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்தால் காற்று வெளியேறும். வழிந்ததைப் பிடித்துத் திருப்பித் தரும் பிளாஸ்டிக் குடுவை அந்தக் காலத்தில் இல்லை; விரிந்த கூலன்ட் தரையில் கொட்டும். இப்போது குடுவையும் அதற்கேற்ற இரட்டைச் சீல் மூடியும் வைத்தால் ரேடியேட்டர் எப்போதும் நிரம்பியே இருக்கும். இரண்டு மூன்று முறை சூடாகி ஆறிய பிறகு கிளாம்ப்புகளை மறுபடி இறுக்க வேண்டும்.

இனி பேக்கர் ஏற்றம். வெளியே 45 டிகிரி, கூலன்ட் 90. இடைவெளி 45 டிகிரிதான். 20 டிகிரி குளிர்ந்த நாளில் அதே இடைவெளி 70. அதாவது அதே ரேடியேட்டர் இந்தப் பாலைவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் செய்யும். ஏ.சி. ஓடினால் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர் காற்றை முன்கூட்டியே சூடாக்கிவிடும். இடைவெளி இன்னும் சுருங்கும். சாலையோரப் பலகை கேட்டுக்கொள்வது இதைத்தான். கூடு, ரப்பர் பட்டை, அகலக் குழாய் அலுமினியம், சரியான மூடி எல்லாம் சேர்ந்த வண்டியில் முள் 90-லிருந்து 98, 99 வரை மெல்ல ஏறி அங்கேயே நிற்க வேண்டும். ஏறி நிற்பது பரவாயில்லை. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓரங்கட்ட வேண்டும், மூடியைத் தொடக் கூடாது.

இவ்வளவும் வி-8 ஏற்றிய வண்டிக்கு. பழைய 235 ஆறு சிலிண்டரே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 3100 உங்களிடம் இருந்தால் அலுமினியம் வாங்க வேண்டாம். தொழிற்சாலை ரேடியேட்டரை, பற்றுவேலை தெரிந்த கடைக்கு எடுத்துப் போங்கள். மேல், கீழ்த் தொட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் புதிய கோர் வைத்துத் தருவார்கள். அந்த என்ஜின் வெளியிடும் சூட்டுக்கு அது போதும், 1957-இலும் போதுமாகத்தான் இருந்தது. அதற்கு ஊற்ற வேண்டியது பழைய பச்சை நிறக் கூலன்ட். இப்போதைய நீண்டநாள் கூலன்ட் சிலவற்றிலுள்ள கரிம அமிலங்கள் ஈயப் பற்றுக்கு ஆகாது. பற்றுவேலை தெரிந்த கடைகள் அமெரிக்காவில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊரில் ஒன்று இன்னும் திறந்திருந்தால், ரேடியேட்டர் ஒழுகும் வரை காத்திருக்காமல் இப்போதே கொண்டுபோய்க் கொடுங்கள்.